மூன்று பேர் ஒத்துக்கொண்ட கறை

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். அந்த வரிசையில் மூன்றாவதாக என்னையும் சேர்த்திருக்க வேண்டும். நான் வீடு வீடாகப் போய்க் கம்பளம் சுத்தம் செய்கிறவள். எங்கள் பக்கத்தில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, ‘கறையக்கா’ என்றால் போதும். கறை எதனால் வந்தது என்று தெரிந்தால்தான் எதைப் போட்டு எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். டீக்கு ஒரு மருந்து, எண்ணெய்க்கு ஒரு மருந்து, ரத்தத்துக்கு வேறு. மாற்றிப் போட்டால் கறை கம்பளத்தையே புகுந்த வீடாக நினைத்து உட்கார்ந்துவிடும். இவ்வளவும் விளக்கிச் சொன்ன பிறகும் ஜனங்கள் என்னிடம் கூசாமல் பொய் சொல்வார்கள். நாய் செய்தது என்பார்கள். அந்த வீட்டில் நாயே இருக்காது.

அன்றைக்குக் காலையில் ஒரு பெண் போன் செய்தாள். குரலில் அழுகை இருந்தது.

“அக்கா, இன்னைக்கே வர முடியுமா? சாயங்காலம் எங்க அத்தை வராங்க. அதுக்குள்ள ஹால் கார்பெட்ல இருக்கிற கறை போயாகணும்.”

மாமியாருக்குப் பயந்த மருமகள் என்று நினைத்துக்கொண்டு மெஷினை வண்டியில் ஏற்றினேன். இப்படி எத்தனையோ வீடு பார்த்தாகிவிட்டது. ஆனால் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் சொன்ன கதை வேறு மாதிரி இருந்தது.

மாமியார் மூன்று மாதமாக மகள் வீட்டில் இருக்கிறார். இன்று வருவதும் தங்குவதற்கு இல்லை. மிச்சமிருக்கும் துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஒரேயடியாக மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறாராம். போனில் அவ்வளவுதான் சொன்னாராம். அவரை எப்படியாவது தடுத்து நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் மருமகளின் கவலை.

“கார்பெட் சுத்தமா இருந்தா, கையில கால்ல விழுந்தாவது இருக்க வச்சுடுவேன். இந்தக் கறையைப் பாத்தாங்கன்னா வாசப்படியோட திரும்பிடுவாங்க.”

மாமியார் போனால் விட்டது சனி என்று மூச்சு விடுகிற மருமகள்களைத்தான் எனக்குத் தெரியும். போகிறாரே என்று அழுகிற மருமகளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“போனா போறாங்கன்னு விட வேண்டியதுதானே?”

“நீங்க வேற, அக்கா. இந்த வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அரை நாள் எடுத்துக்குவாங்க. சண்டை போடறதுக்குக்கூட அத்தைதான் எனக்கு ஆளு.” சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். “எனக்குக் காய்ச்சல் வந்தப்போ எங்கம்மா இருந்திருந்தாக்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டாங்க. போன் பண்ணினா இப்ப எடுக்கவே மாட்டேங்கிறாங்க. என் மேல அவ்வளவு கோபம்.”

கோபத்துக்குக் காரணமும் அந்தக் கம்பளம்தான். மாமியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது. வெண்ணெய் நிறத்தில் முழுக் கம்பளி, ஓரத்தில் அடர் சிவப்புக் கரை. அதன் மேல் யாரும் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது, தட்டை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. ஒரு நாள் மருமகள் டிவி பார்த்துக்கொண்டே டீயைச் சிந்திவிட்டாள். அது அப்போதே துடைத்ததில் போய்விட்டது. பேச்சுதான் போகவில்லை. மாமியார் திட்ட, மருமகள் வாயை அடக்காமல், “நீங்க மட்டும் சிந்தவே மாட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறாள்.

“அதுக்கு அத்தை, ‘என் கையால ஒரு சொட்டு டீ இதுல சிந்தட்டும், அன்னைக்கே இந்த வீட்டை விட்டுப் போயிடறேன்’னாங்க. அதோட பேச்சு நின்னுபோச்சு. ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சாங்க. மூணாம் நாள் நான் வெளியில போயிட்டு வந்து, சமையலை முடிச்சுட்டுப் பாக்கறேன், பொட்டி கட்டி வச்சிருக்காங்க. பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு ஒரே வார்த்தை.”

அப்படியென்றால் இந்தக் கறை யார் வேலை என்று கேட்டேன். அவள் வாளியில் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். சோபாவை ஒதுக்கியிருந்தார்கள். அதன் அடியில் இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் பழுப்புமாக ஒரு கறை. அதைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையம். முகர்ந்து பார்த்தேன். வினிகர் வாடை. வெள்ளைத் துணியை வெறும் தண்ணீரில் நனைத்து அழுத்தினால் நுரை பொங்கியது. நான் இன்னும் சோப்புப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. துணியை எடுத்துப் பார்த்தேன். சோப்பு வந்தது, அழுக்கு வந்தது, கறையின் நிறம் மட்டும் துளிகூட வரவில்லை. எனக்கு எரிச்சலும் வந்தது, ஆர்வமும் வந்தது. எனக்கு முன்னால் இதில் யார் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார். கையில் மடித்த செய்தித்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். அது நான்தான். பேனா மை கொட்டிருச்சு.”

“என்ன மைங்க?”

“நீலம்.”

நீல மை எந்த ஊரில் பழுப்பாகக் காய்கிறது? நான் கறையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரி கேட்டா நான்தான்னு சொல்லிடு. மருமகளைச் சொல்லிடப் போறா. ஏற்கெனவே ஒரு டீக்கே அந்தப் பொண்ணு பட்ட பாடு போதும்.”

வினிகர் ஊற்றியது நீங்களா என்றேன். தலையை ஆட்டினார். அரை பாட்டிலாம். பெருமையாகவே சொன்னார்.

அவர் அறைக்குள் போய்க் கதவு சாத்தியதும், மகன் வந்தான். காலில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடந்து வந்தான்.

“அக்கா, அது காபி. நான்தான் கொட்டினேன்.”

“பால் காபியா, வெறும் காபியா?”

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்து, “ரெண்டும்” என்றான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தம்பி, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். யாருக்காக இதெல்லாம்?”

அவன் முகம் தொங்கிப்போனது. “அப்பாவுக்கு இப்பல்லாம் கை நடுங்குது. அவர்தான் எதையோ கொட்டிட்டு, சோபாவை இழுத்து மறைச்சிருப்பார். பாவம், அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்குவார். நானும் பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுத் தேய்ச்சுப் பாத்தேன், போகல.”

மருமகள் வாளியோடு வந்தபோது நான் அவளுக்காகக் காத்திருந்தேன். மிச்சமிருந்தது அவள் ஒருத்திதானே. வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். நான்தான். டீ.”

“மறுபடியும் டீயா?”

“ஆமா, மறுபடியும்.”

“சுத்தி மஞ்சளா இருக்கே, ப்ளீச்சிங் பவுடரா?”

திருட்டு முழி முழித்தாள். மெதுவாக விஷயம் வந்தது. சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் வீட்டில் புருஷன் ஒருவனுக்குத்தான். அவன்தான் குழம்பையோ எதையோ கொட்டியிருப்பான். ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கியது தான்தானே, அதிலேயே இதுவும் சேர்ந்துகொள்ளட்டும், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் எதற்கு மனக்கசப்பு என்று அவள் நினைத்திருக்கிறாள்.

என் பொறுமை போய்விட்டது. மாமியார் போன நாளிலிருந்து கம்பளம் என்ற வார்த்தையையே அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஆளில்லாத நேரம் பார்த்து ஒவ்வொருவராக சோபாவை நகர்த்தி, தனக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி சோபாவை இழுத்து மூடியிருக்கிறார்கள். மாமனார் மருமகளுக்காக, மகன் அப்பாவுக்காக, மருமகள் புருஷனுக்காக. நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது? அந்த நல்ல எண்ணத்தில் வினிகரும் சோப்பும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்து, ஒரு நல்ல கம்பளி அரை உயிராகக் கிடந்தது. “குடும்பமா சேர்ந்து கொன்னிருக்கீங்க” என்று அவளிடம் சொல்லியே விட்டேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். சொன்னது எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

அவளை அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினேன். முதலில் அந்த மூன்று வைத்தியத்தையும் கழுவி எடுக்க வேண்டும். தண்ணீரைத் தெளித்து, மெஷினால் உறிஞ்சி, மறுபடி தெளித்து, மறுபடி உறிஞ்சி, நுரை நிற்கும்வரை செய்தேன். முதுகு விட்டுப்போனது. ஆனால் மேலே இருந்த குப்பை போகப் போக, கீழே இருந்த கறை தன் உண்மையான வடிவத்தைக் காட்ட ஆரம்பித்தது. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இந்த நேரம்தான்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு நேர்க்கோடு. கறையின் மூன்று பக்கமும் எப்படியெப்படியோ பரவியிருந்தது. நாலாவது பக்கம் மட்டும் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல நேராக நின்றது. சிந்திய எதுவும் தானாக நேர்க்கோட்டில் நிற்காது. அந்த இடத்தில் ஏதோ விரித்திருந்தார்கள். செய்தித்தாளாக இருக்கலாம், பிளாஸ்டிக் தாளாக இருக்கலாம். அதாவது சிந்தப் போகிறது என்று பயந்து, முன்கூட்டியே தாள் விரித்து உட்கார்ந்த ஆள் இதைச் செய்திருக்கிறது. காபி குடிக்கிறவர் யாராவது தாள் விரித்துவிட்டுக் குடிப்பார்களா? இந்த வீட்டில் இருக்கும் இந்த மூன்று பேருக்கும் அந்த அளவு முன்யோசனை கிடையாது, அதை நானே கண்ணால் பார்த்தாகிவிட்டது.

அடுத்தது, கறைக்குப் பக்கத்தில் மெல்லிய கோடுகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, நெருக்கமாக, அரை விரல் நீளத்துக்கு. ஏதோ ஒரு பிரஷ் விழுந்து, எடுக்கும்போது இழுபட்ட அடையாளம். சிறிய பிரஷ்.

டீக்குப் போடுகிறதைப் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்தேன். அதற்கும் அசையவில்லை. இது மேலே ஒட்டிய கறை இல்லை. கம்பளி நூலுக்குள்ளேயே போய் நிறமாகிவிட்டது. பெயிண்ட் இல்லை, மை இல்லை, மருந்து இல்லை. நூலுக்குள் போய் நிறமாவது என்றால் அது சாயம். வீட்டில், ஹாலில், சின்னப் பிரஷ் வைத்துக்கொண்டு எதற்குச் சாயம் போடுவார்கள்?

இடுப்பை நிமிர்த்தித் தலையைத் தூக்கினேன். எதிர்ச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. பக்கத்திலேயே பெரிய ஜன்னல், வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழுகிற இடம் அதுதான். கண்ணாடிக்குள் நான் மண்டி போட்டு, வியர்த்து வழிந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வகிட்டில் போன வாரம் போட்ட ஹேர் டையின் பழுப்பு. என் வீட்டுத் தலையணை உறையிலும் குளியலறைத் துண்டிலும் எத்தனை தேய்த்தாலும் போகாமல் இருக்கிற அதே பழுப்பு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மருமகளைக் கூப்பிட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“உங்க அத்தைக்கு முடி நரைச்சிருக்கா?”

“ஐயோ, ஒரு முடி கிடையாது! அவங்க வம்சத்துலயே நரை இல்லையாம். எனக்கு இந்த வயசுலேயே ரெண்டு வந்துடுச்சுன்னு கிண்டல் பண்ணுவாங்க. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்” என்றேன். என் வாழ்க்கையில் நான் நாக்கை அடக்கிக்கொண்ட சமயங்கள் குறைவு. அது ஒன்று.

இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சண்டை நடந்த மூன்றாம் நாள், வீட்டில் யாருமில்லை. அந்த அம்மா கண்ணாடிக்கு முன்னால் தாளை விரித்துக்கொண்டு டை போட உட்கார்ந்திருக்கிறார். மருமகள் வெளியிலிருந்து சீக்கிரம் திரும்பியிருப்பாள், வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டிருக்கும். பதறி எழுந்ததில் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். டை சிந்தின உடனே அவ்வளவாகத் தெரியாது. துடைத்துவிட்டு, போய்விட்டது என்று நினைத்திருப்பார். தலையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் கறுத்திருக்கும். சோபாவை இழுத்துப் போட்டு மறைத்திருக்கிறார். பிறகு பெட்டியைக் கட்டியிருக்கிறார்.

கோபித்துக்கொண்டு போகவில்லை அந்த அம்மா. சிந்தினால் அன்றைக்கே போய்விடுவேன் என்று சொன்னார். சிந்திவிட்டார். போய்விட்டார்.

மூன்று மாதமாக ஒருத்தி அவமானத்தில் போனை எடுக்காமல் இருக்கிறாள், இன்னொருத்தி அதைக் கோபம் என்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல நான் யார்? இத்தனை வருஷம் கட்டிய புருஷனுக்கே தெரியாமல் காப்பாற்றிய ரகசியம் அது. நான் போட்டுக்கொள்கிற டையைப் பற்றி யாராவது என் வீட்டில் போய்ச் சொன்னால் நான் சும்மா விடுவேனா?

மருமகளிடம் பாதி உண்மையைச் சொன்னேன். இது நூலுக்குள் ஏறிய நிறம். இதை எடுக்கிற மருந்து கம்பளியின் நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடும். வேண்டுமானால் பீரோவுக்கு அடியில் மறைந்திருக்கும் பக்கத்திலிருந்து நூலை எடுத்து இங்கே நட்டுக் கொடுப்பேன், ஆனால் அது இன்று சாயங்காலத்துக்குள் நடக்காது.

“அப்போ முடிஞ்சுது” என்று அங்கேயே கம்பளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வருவதாகச் சொன்னவர் அப்போதே வந்துவிட்டார். மணி அடிக்கவில்லை, தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தலையைச் சுற்றிச் சால்வை. கையில் துணி எடுத்துப் போவதற்கான பெரிய காலிப் பை. ஒதுக்கிய சோபாவையும், ஈரத் துணியோடு மண்டியிட்டிருக்கும் என்னையும், நடுவில் அம்மணமாகக் கிடக்கும் கறையையும் பார்த்தார்.

மாமனார் அறையிலிருந்து ஓடி வந்தார். மகன் சமையலறையிலிருந்து வந்தான்.

“நான்தான். பேனா மை” என்றார் மாமனார்.

“இல்லம்மா, காபி. நான்தான்” என்றான் மகன்.

“அத்தை, இவங்க சும்மா சொல்றாங்க. டீ. நான்தான் கொட்டினேன்” என்று எழுந்து நின்றாள் மருமகள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

“நீங்க சொல்லுங்க. இது என்ன கறை?”

கறையைப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கறையக்கா என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

“தெரியலைங்க” என்றேன்.

அவர் பார்வை என் முகத்திலிருந்து மெல்ல மேலே ஏறி என் வகிட்டில் நின்றது.

“தலை பூரா தடவி வச்சுக்கிட்டுத் தெரியலைங்கறீங்களே” என்றார்.

சால்வையை எடுத்தார். நுனியெல்லாம் கறுப்பு. ஆனால் வகிட்டின் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று நரை. மூன்று மாதமாக அவர் டையைத் தொடவே இல்லை. மாமனார் வாயைத் திறந்தபடி நின்றார்.

“டை. நான்தான் கொட்டினேன். உன் சாவிச் சத்தம் கேட்டுப் பதறிட்டேன்” என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம பெரிசா சொல்லிட்டேன். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கில்ல? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க இருக்கறது? உன் போனைப் பாத்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசும். துணியை எடுத்துக்கிட்டுப் போயிடறேன். நீங்க யாரும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.”

அவர்கள் பொய் சொன்னது அவருக்காக இல்லை என்று திருத்த வேண்டும்போல என் நாக்கு துடித்தது. அன்று இரண்டாவது முறையாக அதை அடக்கிக்கொண்டேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு அறைப் பக்கம் நடந்தார். மகன் “அம்மா, அம்மா” என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்லக் காணோம். மருமகள் சொன்னது சரிதான், பதிலுக்கு அரை நாள் ஆகும் அவனுக்கு. அவள்தான் குறுக்கே போய் நின்றாள். கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். குரலில் மட்டும் சண்டைக்காரி வந்துவிட்டாள்.

“அத்தை, நீங்க என்ன சொன்னீங்க? ஒரு சொட்டு டீ சிந்தினா போயிடறேன்னுதானே?”

“ஆமா.”

“டையைப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?”

அந்த அம்மா கறையைப் பார்த்தார்.

“சொல்லலையே? அப்புறம் எதுக்குப் போனீங்க? சொன்ன சொல்லுன்னா சொன்னபடிதானே இருக்கணும்? இல்லாத சொல்லுக்கு மூணு மாசம் என்னை அழ வச்சிருக்கீங்க!”

சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டாள். மாமியார் விடவில்லை, கொஞ்ச நேரம் இழுத்தார். பிறகு விட்டுவிட்டார். விட்ட கையாலேயே மருமகளின் கன்னத்தைத் துடைத்தார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். “வெள்ளையா இருந்தா நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“உங்களை யாரு கேட்டா?” என்றார் அந்த அம்மா. ஆனால் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

நான் மெஷின் குழாயைச் சுருட்டினேன். நூல் நட அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், சோபாவை மட்டும் தான் இழுத்து மறைப்பதற்கு முன் இருந்த பழைய இடத்தில் போட்டால் போதும் என்றார் அந்த அம்மா. நானும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து சோபாவைத் தூக்கி வைத்தோம். மகன் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

“எல்லாருக்கும் டீ போடறேன்” என்று மருமகள் உள்ளே ஓடினாள். கப்புகளோடு வந்தவள் நேராக சோபாவுக்குப் போய், முதல் கப்பை மாமியாரிடம் நீட்டினாள். அவர் சோபாவிலிருந்து சட்டென்று எழுந்துவிட்டார்.

“இங்க வேண்டாம்மா” என்றார். “இன்னும் அந்த ஒரு சொட்டு டீதான் பாக்கி இருக்கு. நான் சமையலறையிலேயே குடிச்சுக்கிறேன்.”